பெண்ணியல் ஆய்வு: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தூர் வட்டத்திலும், அதை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும் இருந்து கல்லூரிக்கு வரும் தமிழ் மாணவர்கள், முதுகலைத் திட்டக்கட்டுரைக்கோ முனைவர் பட்டத்துக்கோ பெண்களின் வாழ்வைப் பொருளாக எடுக்க நினைக்கும்போது, அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சித்தூர் என்று வெறுமனே எழுதியிருக்கும் இடத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூரையே கொள்ள வேண்டும். ஆந்திரச் சித்தூரும் பின்னால் வருவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுல இருக்கிற பொம்பளையப் பத்தி ஆராய்ச்சி பண்ண அப்படி என்னதானுங்க இருக்கு?

இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பெண்கள் உண்மையில் வாழும் வாழ்க்கை: யார் பெயரில் நிலம் இருக்கிறது, கூலி யார் கைக்குப் போகிறது, எத்தனை வயதில் திருமணம் நடக்கிறது, நோய் வந்தால் யார் முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள் என்பவை. மற்றொன்று, ஒரு சமூகம் பெண்ணைப் பற்றி வரைந்து வைத்திருக்கும் உருவம்: காப்பியத்தில், கோயிலில், திரைப்படத்தில், பாடநூலில், தாலாட்டில் அவள் எப்படிக் காட்டப்படுகிறாள் என்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை என்பதும், அந்தப் பொருந்தாமையால் யாருக்கு நன்மை என்பதும்தான் இத்துறையின் மையக் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவில் இது கல்விப்புலமாக எழுந்ததற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஓர் அரசு அறிக்கை. நடுவண் அரசு 1971-இல் அமைத்த பெண்கள் நிலை ஆய்வுக் குழு 1974-இல் அறிக்கையை முடித்தபோது, சுதந்திரத்துக்குப் பின் பெண்களின் நிலை ஒரே சீராக உயர்ந்து வந்திருக்கும் என்ற நம்பிக்கை தகர்ந்தது. 1901-இல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் என்றிருந்த விகிதம் 1971-இல் 930 ஆகக் குறைந்திருந்தது. அதே 1974-இல் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது; 1981-இல் அங்கே முதல் தேசிய மாநாடு கூடியது. நம் பக்கத்தில் திருப்பதியின் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இலும், கொடைக்கானலின் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இலும் நிறுவப்பட்டன.

ஆம்பளப் பசங்க இதைப் படிக்கலாமா? ஆம்பளைங்களுக்கு எதிரான படிப்புன்னு சொல்றாங்களே?

படிக்கலாம். ஆண்மை என்பது எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதும் இத்துறையின் பாடம்தான். ஓர் ஆண் மாணவர் எல்லா வீடுகளிலும் எல்லாப் பெண்களோடும் தனியே அமர்ந்து பேச இயலாது என்பது உண்மை. ஆனால் சாராயக்கடை, தொழிற்சங்க அலுவலகம், ஊர்க்கூட்டம் ஆகிய இடங்களில் பெண்களைப் பற்றி ஆண்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை அவரால் கேட்க முடியும், அது ஒரு பெண் ஆய்வாளருக்கு எளிதில் வாய்க்காது.

படிச்சா வேலை கிடைக்குமா, அதைச் சொல்லுங்க.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இது தனிப் பாடமாக இருக்கிறது. விரிவுரையாளர் பணிக்கு அது வழி. அதற்கு வெளியே கேரள அரசின் குடும்பஸ்ரீ போன்ற மகளிர் திட்டங்களிலும், குழந்தை வளர்ச்சித் துறையிலும், தொண்டு நிறுவனங்களிலும் பணிகள் உண்டு. ஆனாலும் விரிவுரையாளர் இடங்கள் குறைவு என்பதால், வரலாறு, தமிழ், சமூகவியல், பொருளியல் ஆகியவற்றுள் ஒன்றில் முதுகலை முடித்துவிட்டு ஆய்வுப் பொருளாக இதை எடுப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நம்ம ஊர்ப் பொம்பளைங்க கதைக்கும் ஆசியாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஊரிலுள்ள ஒரு வழக்கம் நமக்கு மட்டுமே உரியதா, வேறு இடத்திலும் உண்டா என்று தெரியாவிட்டால் அதற்கான காரணத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. நாயர் தறவாட்டில், அதாவது கூட்டுக்குடும்பத்தில், சொத்து பெண்வழியாக இறங்கியதைக் கேரளத்தின் தனி விந்தை என்று எண்ணுகிறவர், இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவு மக்களிடம், அவர்கள் இஸ்லாமியராக இருந்தும், மூதாதையர் நிலமும் வீடும் பெண்வழியாகவே இறங்குவதை அறியும்போது கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் ‘குடி’ முறையைப் பின்பற்றுவதும், வீடு மகளுக்கே சீதனமாகச் செல்வதும் நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு.

உருவங்களும் நாடுவிட்டு நாடு ஒத்திருக்கின்றன. மெய்ஜி கால (1868–1912) ஜப்பான் ‘நல்ல மனைவி, அறிவுள்ள தாய்’ என்பதைப் பெண்கல்வியின் குறிக்கோளாக வைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே வெளியான பெண்கள் இதழ்களும் ‘படித்த பெண் குடும்பத்தைச் சிறப்பாக நடத்துவாள்’ என்ற வாதத்தையே பெண்கல்விக்கு ஆதரவாக முன்வைத்தன. பெண் படிக்கலாம், ஆனால் அந்தப் படிப்பு வீட்டுக்குப் பயன்பட வேண்டும் என்ற ஒப்பந்தம் ஆசியாவின் பல நாடுகளில் ஒரே தலைமுறையில் எழுதப்பட்டிருக்கிறது. சியோல் நகரின் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் 1995-இல் ஆசியப் பெண்ணியல் மையம் தொடங்கப்பட்டதற்குப் பின்னால், ஐரோப்பாவோடு மட்டுமே நம்மை ஒப்பிடுவதை விட்டு நமக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க கொண்டு வந்த சரக்குதானே?

சில கோட்பாடுகள் அங்கிருந்து வந்தவை. கேள்விகள் இங்கேயே இருந்தவை. மகாராஷ்டிரத்தின் தாராபாய் ஷிண்டே, ஆண்களுக்கு ஒரு நீதியும் பெண்களுக்கு ஒரு நீதியும் ஏன் என்று கேட்டு மராத்தியில் எழுதிய நூல் 1882-இல் வெளிவந்தது. ஜாவாவின் கார்த்தினி, 1904-இல் இருபத்தைந்து வயதில் மறைவதற்கு முன், பெண்கல்வி பற்றியும் பலதார மணத்தைப் பற்றியும் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. வங்காளத்தின் ரொக்கேயா, ஆண்கள் திரைக்குப் பின்னால் இருக்க, பெண்கள் நாடாளும் ஒரு கற்பனை நாட்டைப் பற்றி எழுதிய கதை 1905-இல் முதன்முதலாக அச்சேறியது, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய பெண்கள் இதழில்தான்.

மறுபக்கத்தில், மேற்கத்திய ஆய்வாளர்கள் ‘மூன்றாம் உலகப் பெண்’ என்ற ஒரே உருவத்தை, ஏழையாகவும் வாயற்றவளாகவும், தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்ற கண்டனத்தையும் 1980-களில் சந்திரா மொகந்தி என்ற இந்திய ஆய்வாளரே எழுப்பினார். ஆகவே ‘வெள்ளைக்காரச் சரக்கு’ என்ற ஐயம் இத்துறைக்கு வெளியிலிருந்து வரும் தாக்குதல் மட்டும் அன்று. துறைக்குள்ளேயே நடக்கும் விவாதமும் ஆகும்.

கேரளாவுல மருமக்கத்தாயம் இருந்துச்சே, அப்போ பொம்பளை ஆட்சிதானே நடந்துச்சு?

இல்லை. மரபு தாய்வழியாக எண்ணப்பட்டது, சொத்து தறவாட்டின் பொதுச்சொத்தாக இருந்தது, ஆனால் அதை நிருவகித்தவர் மூத்த ஆணாகிய காரணவர். பெண்ணுக்குக் கிடைத்தது ஆட்சி என்பதைவிட, பிறந்த வீட்டை விட்டு எவரும் வெளியேற்ற முடியாத உறைவிட உரிமை என்பதே பொருத்தம். அது சிறிய உரிமை அன்று: கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் தெருவில் நிற்க வேண்டியதில்லை என்ற உறுதி, தந்தைவழிக் குடும்பங்களின் கைம்பெண்களுக்கு அக்காலத்தில் கிடைக்காத ஒன்று. மினாங்கபாவு மக்களிடமும் தாய்மாமனுக்குக் குடும்பச் சொத்தின்மீது மேற்பார்வை உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ‘கேரளப் பெண்’ என்றால் எந்தப் பெண் என்று கேட்க வேண்டும். நம்பூதிரிகளும் கிறித்தவர்களில் பெரும்பாலோரும் தந்தைவழியினர். சித்தூர்ப் பகுதியில் குடியேறிய தமிழ்ச் சாதிகள் பலவும் அப்படியே. நிலமே இல்லாத அடிமைச் சாதிகளுக்கு எவ்வழியாக இறங்கவும் ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு மாறாக, தமிழ் பேசும் நாஞ்சில்நாட்டு வேளாளர்கள் மருமக்கள் வழியைப் பின்பற்றினார்கள். அம்முறையில் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நகைச்சுவை நூலாகவே பாடினார். கணவன் இறந்தபின் அவன் சொத்து மருமகனுக்குச் செல்ல, மனைவி திகைத்து நிற்கும் நிலையை அதில் காணலாம். ஒரே வாரிசுமுறை சகோதரியைக் காத்து மனைவியைக் கைவிட்டது, இருவரும் பெண்களே.

சட்டங்கள் படிப்படியாக இதைக் கலைத்தன: திருவிதாங்கூரில் 1925-இன் நாயர் சட்டம், 1926-இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம், மலபாரில் 1933-இன் மருமக்கத்தாயச் சட்டம், இறுதியாகக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்து 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டம். இச்சீர்திருத்தங்களைக் கேட்டவர்களுள் இளைய ஆண்களின் குரலே உரக்க ஒலித்தது. பெண்கள் இதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பது இன்றும் ஆய்வேட்டுக்குரிய நல்ல கேள்வி.

என்ன இருந்தாலும் கேரளாவுல பொண்ணுங்க நல்லாத்தானே இருக்காங்க? எல்லாரும் படிச்சிருக்காங்களே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். பெண்களின் எழுத்தறிவு கேரளத்தில் சுமார் 92 விழுக்காடு, தமிழ்நாட்டில் 73, அன்று பிரிக்கப்படாதிருந்த ஆந்திரத்தில் 59. வேலையில் ஈடுபட்ட பெண்களின் பங்கு கேரளத்தில் சுமார் 18 விழுக்காடு, தமிழ்நாட்டில் 32, ஆந்திரத்தில் 36. முதல் வரிசை இறங்க, இரண்டாம் வரிசை ஏறுகிறது. படித்தால் வேலை, வேலை என்றால் விடுதலை என்று நேர்கோடு போட்டு எழுதும் ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

காரணங்கள் பல. ஆந்திரத்துப் பெண் வயலுக்குப் போவது பெரும்பாலும் வறுமையால். அதை உரிமை என்று எழுதிவிட முடியாது. கேரளத்தில் படித்த பெண் தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறாள், அல்லது திருமணத்துக்குப்பின் நின்றுவிடுகிறாள். அதற்கும் மேலாக, கணக்கெடுப்பு ‘வேலை’ என்று எதை எண்ணுகிறது என்ற சிக்கல் உண்டு. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 81 விழுக்காட்டினர் ஊதியமற்ற வீட்டுவேலை செய்தனர், ஆண்களில் 26 விழுக்காட்டினர். அவ்வாறு செய்தவர்களுள் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். மாநிலச் சராசரியும் நமக்குப் போதாது: அட்டப்பாடி இருளர் பெண்களும், சித்தூர்த் தமிழ்ப் பெண்களும், திருவனந்தபுரத்து அரசு ஊழியரும் அந்த 92-க்குள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறார்கள்.

கண்ணகியப் பத்தி எழுதினா அது பெண்ணியல் ஆய்வாகுமா, இலக்கிய ஆய்வாகுமா?

கண்ணகி கற்பில் சிறந்தவள் என்பதற்கு மேற்கோள்களை அடுக்கினால் அது இரண்டுமே ஆகாது. அந்த உருவம் எங்கெங்கே சென்றது, போன இடத்தில் யார் அதை என்ன செய்தார்கள் என்று பின்தொடர்ந்தால் ஆய்வாகும். காப்பியத்தில் அவள் சோழநாட்டில் பிறந்து, பாண்டியன் அவையில் நீதி கேட்டு, சேரநாட்டு மலையேறித் தெய்வமாகிறாள். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கையின் கயவாகு வந்ததாகவும் அதில் சொல்லப்படுகிறது. இலங்கையில் சிங்களப் பௌத்தர்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகவும், மட்டக்களப்புத் தமிழர்கள் கண்ணகி அம்மனாகவும் வணங்கி வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடத்துகிறார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984-இல் பத்தினி வழிபாட்டைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதியிருக்கிறார். கொடுங்கல்லூர்ப் பகவதியையும் ஆற்றுகால் பகவதியையும் கண்ணகியோடு இணைக்கும் மரபுகள் கேரளத்தில் உண்டு.

எல்லையோர மாணவருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு களம் இருக்கிறது. தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்களுக்குத் திறக்கப்படுகிறது. இரு மாவட்ட நிருவாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. கோயில் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற பூசலில் கண்ணகி எல்லைக்கல்லாகிவிடுகிறாள். சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட அவள் சிலை 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் வைக்கப்பட்டபோது அவள் கட்சி அரசியலின் அடையாளமானாள். அரசனையே குற்றவாளி என்று கூறிய ஒரு பெண்ணின் உருவம், மொழிக்கும் மாநிலத்துக்கும் கட்சிக்கும் பெருமையாகப் பயன்படும்போது, நீதி கேட்டாள் என்ற பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கற்பு மட்டும் முன்னுக்கு வருவது ஏன் என்று கேட்டுப்பாருங்கள். ஒரு முனைவர் பட்டத்துக்கு அது போதும்.

ஆம்பளைங்களே சேலை கட்டிக்கிட்டுச் சாமி கும்பிடுறாங்களே, அது பொம்பளைக்கு மரியாதைதானே?

திருப்பதியில் தாத்தையகுண்ட கங்கம்மாவின் ஜாத்திரையில் ஆண்கள் பெண்வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். கொல்லம் மாவட்டம் சவறையின் கொற்றங்குளங்கரைக் கோயிலில் ஆண்கள் பெண்களாக ஒப்பனை செய்து விளக்கேந்துகிறார்கள். நம் நிலத்தின் இரு எல்லைகளிலும் இவ்வழக்கம் இருப்பது கவனிக்கத்தக்கது. தெய்வத்தின் பெண்மை ஆற்றலாக, ஆணும் அணுக விரும்பும் ஒன்றாக இங்கே மதிக்கப்படுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் கேள்வியின் விடையில் பிரித்த இரண்டு பொருள்களை இங்கே கலந்துவிடக் கூடாது. தெய்வத்துக்கான மரியாதை, அந்த ஆணின் வீட்டில் உள்ள பெண்ணுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். திருவிழா நாளில் அவள் என்ன செய்கிறாள், வேடத்துக்கான சேலையையும் நகையையும் யாரிடம் வாங்குகிறார்கள், வேடமிட்டவரைப் பார்த்து அவள் சிரிக்கிறாளா, கைகூப்புகிறாளா? ஊர்வலத்தைப் படம்பிடிக்கும் மாணவர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

பழைய ஆவணம் எங்க போய்த் தேடுறது? எங்க ஊரு முன்னாடி எந்த ராஜ்ஜியம்னே தெரியலை.

அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதி அலைச்சல் குறையும். இன்று ஒரே மாவட்டமாக இருந்தாலும், பாலக்காடு நகரமும் அதைச் சுற்றிய பகுதியும் 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தன. சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. ஆகவே பாலக்காட்டுக்கான பதிவுகளைக் கோழிக்கோட்டு வட்டார ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், சித்தூருக்கானவற்றை எர்ணாகுளம் வட்டார ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். முன்பு திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டம் பற்றி எழுதுவோர் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். பெண்கள் இதழ்களுக்குச் சென்னையின் ரோஜா முத்தையா நூலகம் சிறந்தது. 1905-இல் பாரதி ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’, வை.மு.கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ போன்றவை அக்காலத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

மலையாள எழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவருக்கு, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைக் குறையாக எண்ணி மறைப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மார்பை மறைக்க வரி போட்டாங்க, நங்கேலி அறுத்துக் கொடுத்தாங்கன்னு வாட்ஸப்ல வருதே, அதை எழுதலாமா?

மூன்று செய்திகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன; பிரித்து எழுதினால் எழுதலாம். முதலாவது, திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதி ஆண்கள்மீது தலைக்கரம், பெண்கள்மீது முலைக்கரம் என்ற தலைவரிகள் இருந்தன. இது சாதிக்கும் ஆளுக்குமான வரி, ஆடைக்கான வரி என்று கொள்வதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. இரண்டாவது, சேர்த்தலையைச் சேர்ந்த நங்கேலியின் கதை வாய்மொழி மரபில் வந்தது. வாய்மொழி மரபு என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை; மக்கள் தம் அவமானத்தை எந்த உருவத்தில் நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் ஆண்டும் தேதியும் இட்டு ஆவணச் செய்தி போல எழுதக் கூடாது.

மூன்றாவது, தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம். இதற்கு ஆவணங்கள் ஏராளம். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறித்தவம் தழுவிய நாடார் பெண்களுக்குக் குப்பாயம் என்ற மேற்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிவதை 1829-இன் அரசாணை தடுத்தது. கலவரங்களுக்குப்பின் 1859 ஜூலை 26-இன் அரசாணை நாடார் பெண்கள் மேலுடலை மறைக்க இசைந்தது, அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த நிபந்தனைதான் உண்மையான பொருளைக் காட்டிக்கொடுக்கிறது: தோலை மறைப்பதைவிட, யார் எந்தச் சாதி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதே சண்டை. ஆணைகளும் மறைப்பணியாளர் கடிதங்களும் மிகுதியாக இருக்க, ஆடையை அணிந்த பெண்கள் தம் வாயால் சொன்னது மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது என்பதையும் ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

உரிமை, அது இதுன்னு பேசறது படிச்சவங்கதானே? கூலி வேலைக்குப் போறவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?

மூணாற்றில் 2015 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தேயிலைக் கொளுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள்; நாட்கூலி 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். போனஸ் பழைய அளவுக்குத் திரும்பியது. கூலி பின்னர் 301 ரூபாய்க்கு உயர்ந்தது. அவர்கள் நிருவாகத்தை எதிர்த்ததோடு நிற்காமல், ஆண்களே தலைவர்களாக இருந்த தொழிற்சங்கங்களையும் மேடைக்கு வர விடவில்லை என்பதுதான் இதில் ஆய்வாளருக்கு முக்கியம். பறிப்பவர்கள் பெண்கள், அவர்களுக்காகப் பேசுபவர்கள் ஆண்கள் என்ற ஏற்பாடு பல தலைமுறைகளாக லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், நிலவியது.

ஆந்திர எல்லையில் இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு உண்டு. நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்ட சிற்றூரில் எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடத்தில் வந்த ஒரு கதையைத் தம் ஊர்க் கதையாகக் கண்டு, 1992-இல் சாராயக்கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது; 1995-இல் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது. வென்றதை மட்டும் எழுதி இந்தக் கடைசி வரியை விட்டுவிடும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

பொண்ணுக்குச் சொத்துல பங்குன்னு சட்டமே இருக்கே, அப்புறம் ஆராய என்ன இருக்கு?

சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு நாளில் வந்தது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கும் திருத்தத்தை ஆந்திரம் 1986-இல் இயற்றி 1985 செப்டம்பர் முதலே நடைமுறையாக்கியது. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் அதற்கு முன் மணமான மகள்களுக்கு இடமில்லை. கேரளம், மேலே கூறியபடி, கூட்டுக்குடும்பத்தையே ஒழித்து வேறு வழியில் சென்றது. 2005-இன் நடுவண் திருத்தம் நாடு முழுதும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தனைக்குப் பிறகும், ‘உனக்குச் சீர் செஞ்சாச்சே’ என்ற ஒரே வாக்கியத்தில் தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். கேரளப் பக்கத்தில் அதை ஒழிமுறி என்பார்கள். அவள் ஏமாற்றப்படுகிறாள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும், கணவன் வீட்டில் சண்டை என்றால் போய் நிற்க இடமிராது, மகளின் சடங்குக்குத் தாய்மாமன் வரமாட்டான் என்று அவள் போடும் கணக்கும் ஒரு கணக்குதான். பிறந்த வீட்டு உறைவிட உரிமையைத் தறவாடு சட்டமாகவே கொடுத்தது. இங்கே அவள் அதை நிலத்தை விட்டுக்கொடுத்து விலைக்கு வாங்குகிறாள்.

பேட்டி எடுக்கும்போது என்ன கவனிக்கணும்? போட்டோ எடுக்கலாமா?

அனுமதி கேட்க வேண்டும், பெயரையும் ஊரையும் மாற்ற வேண்டும், ‘வேண்டாம்’ என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். கணவனோ மாமியாரோ அருகில் இருக்கும்போது பெற்ற விடையை அந்தச் சூழலையும் குறித்தே பதிவு செய்ய வேண்டும். வேலை நடக்கும் இடத்திலேயே, உடன் வேலை செய்துகொண்டே பேசுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

சில களங்களில் இது இன்னும் கடுமையாகிறது. ஆந்திரச் சித்தூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருவள்ளூர்ப் பகுதியிலும் தலித் சிறுமிகளை மாத்தம்மா என்ற அம்மனுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. இப்படிப் பெண்களைத் தெய்வத்துக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் 1947-இலும் ஆந்திரம் 1988-இலும் சட்டத்தால் தடுத்தன. அம்மனின் பெயரைச் சுமக்கும் பெண் தெய்வமாகப் பேசப்பட்டு, வாழ்வில் பாதுகாப்பற்றவளாக விடப்படுவது, உருவத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளியின் மிகக் கொடிய வடிவம். இத்தகைய பெண்களின் படத்தை எந்த நிலையிலும் அச்சிடாதீர்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

எங்க பாட்டிகிட்டக் கேட்டா ‘எனக்கு ஒரு குறையும் இல்ல கண்ணு’ன்னு சொல்றாங்க. அப்புறம் நான் என்னத்தை எழுதறது?

அதையே எழுதுங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே. பிறகு வேறு கேள்விகளைக் கேளுங்கள்: வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, முதல் கூலி வாங்கியபோது அதை என்ன செய்தார், எல்லாரும் சாப்பிட்ட பிறகு குழம்பு மீதமிருந்ததா, எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டுப் போகாமல் இருந்தார், ஒப்பாரியில் எந்த அடியை அடிக்கடி பாடுவார். நேரடியாகக் கேட்டால் வராத செய்திகள் பாட்டிலும் விடுகதையிலும் வருவதுண்டு.

இதன் முடிவில் ‘பாட்டிக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதச் சொல்பவர்களும் இருப்பார்கள், ‘பார்த்தீர்களா, நம் பண்பாட்டில் பெண்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்’ என்று எழுதச் சொல்பவர்களும் இருப்பார்கள். இரண்டுமே பாட்டியைக் கேட்காமலேயே எழுதக்கூடிய வரிகள். குறை இல்லை என்று அவர் யாரிடம், எந்தச் சூழலில், யார் கேட்கும்படி சொன்னார் என்பதையும், எதைக் குறை என்று எண்ணும் வழக்கம் அவருக்கு உண்டு என்பதையும் எழுதிவிட்டு, உங்கள் கருத்தைத் தனிப் பத்தியில், உங்கள் கருத்து என்று தெரியும்படி வையுங்கள். ஏட்டை ஒப்படைக்கும் முன் அவர் பேசிய பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். எதையாவது நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள், மதிப்பெண் குறைந்தாலும்.